ஆராய்ச்சி மாணவரிடம் என்ன கேட்பது?

பிஎச்டி ஆய்வேடு ஒன்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கைடு, வெளியிலிருந்து மதிப்பிடும் தேர்வாளர்கள், அப்புறம் அதே தலைப்பைத் தொட்டு ஆய்வு செய்ய வரும் யாராவது ஒரு ஜூனியர். ஆய்வேடுகளின் மின்பிரதியைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2009இல் விதி கொண்டுவந்தது. அதன்படி ‘ஷோத்கங்கா’ இணையக் களஞ்சியத்தில் பல லட்சம் ஆய்வேடுகள் சேர்ந்திருக்கின்றன. யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் திறந்து பார்க்கலாம். ஆனால் முந்நூறு பக்க ஆங்கில ஆய்வேட்டை அந்தத் துறையில் இல்லாத ஒருவர் எதற்காகத் திறக்கப் போகிறார்?

அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி 2021-22இல் நாட்டில் 2.12 லட்சம் பேர் பிஎச்டி படித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கணக்கில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கும் மாநிலம். இவர்களில் கணிசமானவர்களுக்கு உதவித்தொகை வருவது மக்களின் வரிப்பணத்திலிருந்து. ஆனாலும் லேபுக்குள் இவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது. பல வீடுகளில் அப்பா அம்மாவுக்கே தெரியாது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் இப்போது குறுங்காணொளிப் பேட்டிகள் வருகின்றன. பல்கலைக்கழகத்தின் மக்கள் தொடர்புப் பிரிவோ ஓர் அறிவியல் இதழோ மாணவர்களே சேர்ந்து நடத்தும் குழுவோ கேமராவை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போகிறார்கள். கேட்க ஒருவர், பதில் சொல்ல ஒருவர். அரை மணி நேரம் பேசியதை மூன்று முதல் ஐந்து நிமிடமாக வெட்டி வெளியிடுகிறார்கள். எளிமையான வேலையாகத்தான் தெரிகிறது. ஆனால் இப்படி வரும் காணொளிகளில் பல, பார்த்த பிறகு ஒன்றும் மனதில் நிற்பதில்லை. மாணவருக்குப் பேசத் தெரியவில்லை என்று சுலபமாகப் பழி போட்டுவிடுகிறோம். பெரும்பாலும் கோளாறு கேட்டவரிடம்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

சுருக்கமாகச் சொல்லும் பழக்கம் எங்கிருந்து பரவியது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 2008இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் கடும் வறட்சியில் இருந்தது. குளிக்கும் நேரத்தை அளந்து தண்ணீரைச் சேமிக்க, வீட்டுக் குளியலறைகளில் மூன்று நிமிடம் காட்டும் சின்ன மணற்கடிகாரத்தைப் பலர் ஒட்டி வைத்திருந்தார்கள். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பட்டப்படிப்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஆலன் லாசனுக்கு அதிலிருந்து யோசனை வந்தது. ‘மூன்று நிமிட ஆய்வேடு’ போட்டி அப்படித்தான் பிறந்தது. 80,000 சொல் கொண்ட ஓர் ஆய்வேட்டை வாசித்துக் காட்ட ஒன்பது மணி நேரம் ஆகும், உங்களுக்கு மூன்று நிமிடம்தான் என்பதே அதன் அழைப்பு. அசையாத ஒரே ஒரு ஸ்லைடு. பின்னணி இசை, கருவி, நடிப்புப் பொருள் எதுவும் கூடாது. மூன்று நிமிடம் தாண்டினால் தகுதி நீக்கம். இன்று எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இந்தப் போட்டி நடக்கிறது. அதற்கு முன்பே, 2005இல், இங்கிலாந்தின் செல்டனம் அறிவியல் விழாவில் ‘ஃபேம்லேப்’ என்ற அறிவியல் பேச்சுப் போட்டி தொடங்கியிருந்தது. ஆய்வை நடனமாக ஆடிக் காட்டும் போட்டிகூட உண்டு. இந்தியாவில் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018இல் ‘அவ்சர்’ என்ற திட்டம் கொண்டுவந்து, தங்கள் ஆய்வைப் பொதுமக்களுக்குப் புரியும் கட்டுரையாக எழுதும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு ரொக்கப் பரிசு அறிவித்தது.

இவை எல்லாமே நல்ல பயிற்சி. ஆனால் எல்லாவற்றிலும் மாணவர் தனியாக நிற்கிறார். மேடைப் பேச்சை மனப்பாடம் செய்கிறார். மனப்பாடம் செய்த பேச்சுக்கென்று ஓர் அச்சு வந்துவிடுகிறது: ஒரு நோயால் ஆண்டுக்கு இத்தனை பேர் சாகிறார்கள் என்று தொடங்கி, என் ஆய்வு ஒருநாள் இதை மாற்றும் என்று முடியும். நடுவில் அந்த மாணவர் நிஜமாகவே செய்த வேலை எங்கோ காணாமல் போயிருக்கும்.

தனியாகப் பேசும்போது ஏன் இப்படி ஆகிறது? அதற்குப் பதில் சொல்லும் ஆய்வும் ஒரு பிஎச்டி ஆய்வுதான். 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் ஒரு சோதனை நடத்தினார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றின் தாளத்தை ஒருவர் மேசையில் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பாட்டையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டப்பட்ட 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்றே மூன்று. தட்டுகிறவர் மனதுக்குள் மெட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது, கேட்பவருக்கு வெறும் ‘டொக் டொக்’ மட்டும்தான் வருகிறது. நான்கைந்து ஆண்டு ஒரே புரதத்தோடு வாழ்ந்த மாணவருக்கும் இதே நிலைமைதான். எது கேட்பவருக்குத் தெரியாது என்பதே அவருக்கு மறந்துபோயிருக்கும். அவரை இன்னும் நன்றாகத் தட்டச் சொல்லிப் பிரயோஜனமில்லை. ‘எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே’ என்று சொல்ல எதிரில் ஓர் ஆள் வேண்டும்.

இன்னொரு பிஎச்டி ஆய்வு இதைவிட நேரடியாக நம் விஷயத்துக்கு வருகிறது. சிட்னி பல்கலைக்கழகத்தில் டெரக் முல்லர் இயற்பியல் காணொளிகளைப் பற்றி ஆய்வு செய்து 2008இல் முடித்தார். பின்னால் ‘வெரிட்டாசியம்’ என்ற யூடியூப் சேனலைத் தொடங்கியவர் இவர்தான். மாணவர்களில் ஒரு பகுதியினருக்குத் தெளிவான விரிவுரைக் காணொளியைக் காட்டினார். மற்றவர்களுக்கு ஓர் உரையாடல்: அதில் ஒருவர் பொதுவாக எல்லோரும் செய்யும் தவறான ஊகங்களை வாய்விட்டுச் சொல்வார், எதிரில் இருப்பவர் அதோடு மல்லுக்கட்டுவார். மேலே எறிந்த பந்து போய்க்கொண்டிருக்கும்போது அதை மேல்நோக்கி ஏதோ ஒரு விசை தள்ளிக்கொண்டிருக்கிறது என்று நினைப்பது அப்படி ஒரு ஊகம். விரிவுரையைப் பார்த்தவர்கள் தெளிவாக இருந்தது, சுலபமாகப் புரிந்தது என்றார்கள். தேர்வு வைத்துப் பார்த்தால் மதிப்பெண் ஏறவே இல்லை என்று சொல்லலாம். உரையாடலைப் பார்த்தவர்கள் குழப்பமாக இருந்தது என்றார்கள். அவர்களின் மதிப்பெண் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது.

தெளிவாக இருக்கும் காணொளி ஏமாற்றும் என்பதுதான் இதில் உறுத்தும் விஷயம். நாம் ஏற்கனவே வைத்திருக்கும் தப்பான எண்ணத்தை அது தொடுவதே இல்லை. தலையாட்டிக்கொண்டே பார்த்துவிட்டு, பழைய எண்ணத்தோடு எழுந்து போகிறோம். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மிச்செலின் சியும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வும் இதே பக்கம்தான் நிற்கிறது: ஒருவர் மட்டும் பாடம் நடத்தும் காணொளியைவிட, இருவர் பேசிக்கொள்ளும் காணொளியைப் பார்ப்பவர்கள் கூடுதலாகக் கற்கிறார்கள். பேட்டி என்ற வடிவத்துக்கு இருக்கும் பலம் இதுதான். ஆனால் பல குறுங்காணொளிகளில் கேள்வியை முழுவதும் வெட்டி எறிந்துவிட்டு, மாணவரின் பதிலை மட்டும் ஒட்டி, பின்னால் மெல்லிசை போட்டுவிடுகிறார்கள். பேட்டி மறுபடியும் விரிவுரையாகிவிடுகிறது.

கேட்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் உதாரணம். பிபிசியில் காணொளிப் பத்திரிகையாளராக இருந்த பிராடி ஹாரன் 2008இல் அங்குள்ள வேதியியலாளர்களோடு சேர்ந்து, தனிம அட்டவணையின் 118 தனிமங்களுக்கும் ஆளுக்கொரு காணொளி என்று ஐந்தே வாரத்தில் எடுத்து முடித்தார். எழுதி வைத்த வசனம் கிடையாது. ஹாரன் வேதியியல் படித்தவரும் கிடையாது. கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, புரியாததைப் புரியவில்லை என்று கேட்பார். பஞ்சு மிட்டாய் போல முடி வைத்திருக்கும் பேராசிரியர் மார்ட்டின் போலியகோஃப் யோசித்து யோசித்துப் பதில் சொல்வார். அந்த யோசிக்கும் நேரத்தை ஹாரன் வெட்டாமல் விட்டுவைத்ததில்தான் அந்தக் காணொளிகளின் கவர்ச்சி இருக்கிறது. அவை பெரும்பாலும் பேராசிரியர்களைப் பற்றியவை என்பது உண்மை. ஆனால் முறை மாணவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

கேட்கத் தெரியாதவர்கள் கையில் மாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வேறொரு கதை இருக்கிறது. அறிவியல் வரலாற்றில் ஓர் ஆராய்ச்சி மாணவரைப் பத்திரிகைகள் துரத்தித் துரத்திப் பேட்டி எடுத்த சம்பவம் என்றால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஜோசலின் பெல் 1960களின் நடுவில் கேம்பிரிட்ஜில் பிஎச்டி மாணவி. முதல் இரண்டு ஆண்டு அவர் செய்தது கம்பம் நட்டு வயர் இழுக்கும் வேலை. நாலரை ஏக்கரில் ஒரு ரேடியோ தொலைநோக்கியை மற்றவர்களோடு சேர்ந்து கையால் கட்டினார். 1967 ஜூலையில் அது ஓடத் தொடங்கியதும், நாளொன்றுக்கு 96 அடி நீளத்துக்குக் காகிதத்தில் கோடு கோடாக வரைந்து தள்ளியது. அதைக் கணினி படிக்கவில்லை. பெல்தான் கண்ணால் பார்த்துக்கொண்டு வந்தார். அதில் ஓர் இடத்தில், வானத்திலிருந்து வழக்கமாக வரும் ரேடியோ சமிக்ஞை போலவும் இல்லாமல் ஊரில் ஓடும் வண்டிகளின் இரைச்சல் போலவும் இல்லாமல் சின்னதாக ஒரு கிறுக்கல். அதே கிறுக்கலை முன்பும் அதே வானப்பகுதியில் பார்த்த ஞாபகம் வந்தது. நவம்பர் கடைசியில் காகிதத்தை வேகமாக ஓடவிட்டுப் பதிவு செய்தபோது 1.3 விநாடிக்கு ஒரு துடிப்பு, கச்சிதமான இடைவெளியில். மனிதர் செய்த ஏதோ ஒன்றின் சமிக்ஞையாகத்தான் இருக்கும் என்று கைடு ஆண்டனி ஹியூவிஷ் முதலில் நினைத்தார். வேற்றுக்கிரகவாசிகளோ என்ற பாதி வேடிக்கையில் அதற்குச் ‘சின்னப் பச்சை மனிதர்கள்’ என்று லேபுக்குள் பெயர் வைத்தார்கள். அது வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன் (வெடித்து முடிந்த பெரிய விண்மீனின் அடர்த்தியான மிச்சம்), அதாவது பல்சார், என்பது பிறகு தெளிவானது.

1968 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்ததும் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் கேம்பிரிட்ஜில் குவிந்தன. அறிவியல் கேள்விகள் ஹியூவிஷுக்குப் போயின. பெல்லிடம் கேட்டது, பிரிட்டிஷ் இளவரசி மார்கரெட்டைவிட நீங்கள் உயரமா குள்ளமா, உங்களுக்கு எத்தனை பாய் ஃபிரண்ட் என்று. புகைப்படக்காரர்கள் அவரைக் கையசைத்தபடி ஓடிவரச் சொன்னார்கள், கண்டுபிடிப்பு நிகழ்த்திவிட்டீர்கள், சந்தோஷமாக இருங்கள் என்று. இதையெல்லாம் பெல்லே 1977இல் அச்சான ஓர் உரையில் நக்கலாகச் சொல்லியிருக்கிறார்.

அன்று ஒரே ஒரு நிருபர், ‘ஒரு நாளைக்கு 96 அடி காகிதத்தில் இந்தக் கிறுக்கல் மட்டும் உங்கள் கண்ணில் எப்படிப் பட்டது?’ என்று கேட்டிருந்தால் போதும். மூன்று நிமிடத்துக்கு அதைவிட நல்ல விஷயம் கிடைக்காது. கருவியைத் தானே கட்டியதால் அதன் குறைகள் அத்தனையும் தெரிந்த ஒருவர், இது கருவியின் குறை இல்லை என்று எப்படி முடிவு செய்தார் என்பது அந்தப் பதிலில் இருந்திருக்கும். ஆறு ஆண்டு கழித்து 1974இல் நோபல் பரிசு ஹியூவிஷுக்கும் கேம்பிரிட்ஜ் ரேடியோ வானியல் குழுவின் தலைவர் மார்ட்டின் ரைலுக்கும் போனது. பெல்லின் பிஎச்டி ஆய்வேட்டில் பல்சார் இடம்பெற்றது பின்னிணைப்பாகத்தான், ஏனென்றால் அவர் பதிவு செய்திருந்த தலைப்பு வேறு. 2018இல் அவருக்குக் கிடைத்த 30 லட்சம் டாலர் பரிசை, வாய்ப்புக் குறைந்த பிரிவுகளிலிருந்து இயற்பியல் பிஎச்டிக்கு வரும் மாணவர்களுக்கென்று அப்படியே கொடுத்துவிட்டார்.

சரி, கேமராவோடு லேபுக்குப் போகிறவர் என்ன கேட்க வேண்டும்? ‘உங்கள் ஆய்வைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பது மிக மோசமான முதல் கேள்வி. அதைக் கேட்டதும் மாணவர் சினாப்சிஸின் (ஆய்வுச் சுருக்கத்தின்) முதல் பத்தியை ஒப்பிப்பார். ‘நேற்று லேபில் என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். சாதனம் பழுதாகி நின்றது, எலிக்கு ஊசி போட்டது, ஒரே அளவீட்டை நாற்பதாவது முறை எடுத்தது என்று கண்ணால் பார்க்கக்கூடிய விஷயம் வரும். அங்கிருந்து ‘அதை எதற்காக’ என்று பின்னோக்கிப் போகலாம். முல்லரின் ஆய்வை மனதில் வைத்துக் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: ‘உங்கள் துறைக்கு வெளியே இருப்பவர்கள் இதைப் பற்றித் தப்பாக நினைப்பது என்ன?’ இதற்கு எல்லா மாணவரிடமும் பதில் தயாராக இருக்கும். சொந்தக்காரர் கல்யாணங்களில் கேட்டுச் சலித்திருப்பார்கள். மூன்றாவதாக, ‘நீங்கள் நினைப்பது தப்பு என்றால் அது உங்களுக்கு எப்படித் தெரியவரும்?’ இது கொஞ்சம் கடினமான கேள்விதான். ஆனால் ஓர் ஆய்வு ஆய்வாக இருக்கிறதா என்பது இதில் வெளிப்பட்டுவிடும். ‘இதனால் மக்களுக்கு என்ன பயன்?’ என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், கேட்காமலும் விடலாம். பல்சாரால் என்ன பயன் என்று 1968இல் கேட்டிருந்தால் யாருக்கும் பதில் தெரிந்திருக்காது.

ஒரே கேள்வியை, பேட்டி முடியும் நேரத்தில் இன்னொரு தடவை கேட்பது பழைய வானொலிக்காரர்களின் உத்தி. முதல் தடவை நாலு நிமிடம் சொன்னதை இரண்டாம் தடவை ஒரு நிமிடத்தில், பயமில்லாமல் சொல்வார்கள். எடிட்டிங்கில் பெரும்பாலும் அந்த இரண்டாவதுதான் தேறும்.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் பாடக் காணொளிகளை மக்கள் பார்த்த 69 லட்சம் தடவைகளை எடுத்து பிலிப் குவோவும் மற்றவர்களும் 2014இல் ஆராய்ந்தார்கள். காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்வையாளர்கள் பொதுவாக ஆறு நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. ஸ்டுடியோவில் பளபளப்பாக எடுத்ததைவிட, சொந்த மேசையில் உட்கார்ந்து பேசியதுபோல் எடுத்தவை நன்றாக எடுபட்டன என்பதும் அதே ஆய்வில் உண்டு. வாடகைக்கு ஸ்டுடியோ பிடிக்க நினைப்பவர்களுக்கு நல்ல செய்தி.

படம் சுமாராக இருந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. ஒலி சுமாராக இருந்தால் ஆராய்ச்சியே சுமார் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இதை எரின் நியூமனும் நோர்பர்ட் ஷ்வார்ஸும் 2018இல் சோதித்துக் காட்டினார்கள். ஒரே விஞ்ஞானியின் ஒரே பேச்சு. ஒரு பிரிவினருக்குத் தெளிவான ஒலியோடும், இன்னொரு பிரிவினருக்குக் கரகரப்போடும் எதிரொலியோடும் போட்டார்கள். ஒலி மோசமாக இருந்தபோது, பேச்சு தரமற்றது, ஆராய்ச்சி முக்கியமற்றது, பேசியவர் அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை என்று கேட்டவர்கள் மதிப்பிட்டார்கள். சட்டைக் காலரில் மாட்டும் சின்ன மைக் ஒன்றும், ஏசியையும் மின்விசிறியையும் பத்து நிமிடம் நிறுத்தி வைக்க லேப் டெக்னீஷியனின் தயவும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆழ்குளிர் பெட்டியை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள். உள்ளே யாரோ ஒருவரின் மூன்று ஆண்டு உழைப்பு உறைந்திருக்கும்.

கேட்பவர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது, மாணவர் எதைச் சொல்லக் கூடாது என்பது. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் கண்டுபிடிப்பைப் பொதுவெளியில் சொல்லிவிட்டால் அது ‘புதியது’ என்ற தகுதியை இழக்கலாம். அமெரிக்காவில் கண்டுபிடித்தவருக்கு ஓராண்டு அவகாசம் தருகிறார்கள். ஐரோப்பாவில் அப்படி ஒரு பொதுச் சலுகை கிடையாது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் அரசு அறிவித்த கண்காட்சி, கற்றறிந்தோர் சங்கத்தில் வாசித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்கு மட்டும் 12 மாத அவகாசம் உண்டு. யூடியூப் பேட்டியை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்பி இறங்க முடியாது. இதழ்களின் கெடுபிடி தனி. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் ஆசிரியராக இருந்த ஃபிரான்ஸ் இங்கல்ஃபிங்கர், வேறு எங்காவது ஏற்கனவே வெளியான முடிவுகளை எங்கள் இதழ் ஏற்காது என்று 1969இல் சொன்னார். அந்த விதி பல இதழ்களுக்கும் பரவியது. இன்று அது எவ்வளவோ தளர்ந்துவிட்டது. ஆனாலும் இதழுக்கு அனுப்பியிருக்கும் முடிவுகளைக் கேமரா முன் எண்களோடு சொல்லாமல் இருப்பதே நல்லது. நோயாளிகள், கிராமத்து மக்கள், நிறுவனம் தந்த நிதி என்று வேறு சிக்கல்களும் உண்டு. கைடின் சம்மதம் இல்லாமல் எடுத்தால் அவஸ்தைப்படுவது மாணவர்தான், பேட்டி எடுத்தவர் இல்லை.

முறையைச் சொல்லலாம், கேள்வியைச் சொல்லலாம், தோற்றுப்போன சோதனைகளைத் தாராளமாகச் சொல்லலாம். முடிவை மட்டும் கொஞ்சம் பொத்தி வைத்தால் போதும். பார்ப்பவர்களுக்கும் பிடிப்பது முதல் மூன்றும்தான்.

பெண் மாணவர்கள் விஷயத்தில் இன்னொன்றையும் பேசியாக வேண்டும். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் இனோகா அமரசேகரவும் வில் கிராண்ட்டும் யூடியூபில் பெயர்பெற்ற 391 அறிவியல் சேனல்களை எடுத்துப் பார்த்தார்கள். பெண்கள் தோன்றி நடத்தியவை 32தான். அந்தப் பெண்களின் காணொளிகளில் தோற்றத்தைப் பற்றிய கமென்ட்டுகளும் வக்கிரமான, வெறுப்பான கமென்ட்டுகளும் ஆண்களின் காணொளிகளில் இருந்ததைவிடக் கூடுதல். பெல்லிடம் நிருபர்கள் கேட்டதை இப்போது முகம் தெரியாதவர்கள் கீழே எழுதுகிறார்கள். கமென்ட்டுப் பகுதியை யார் பார்த்துக்கொள்வது, எதை நீக்குவது, தேவைப்பட்டால் மூடிவிடலாமா என்பதைக் காணொளி ஏறிய பிறகு யோசிப்பதில் அர்த்தமில்லை. படப்பிடிப்புக்கு முன்பே மாணவரிடம் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பார்வை எண்ணிக்கையை வைத்து இந்தக் காணொளிகளை அளப்பது வீண். அதிகம் பலன் பெறுவது பேட்டி கொடுத்த மாணவர்தான் என்று தோன்றுகிறது. போஸ்ட்டாக்குக்கு, அதாவது பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணிக்கு, விண்ணப்பிக்கும்போது இணைப்பாக அனுப்பலாம். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ‘இதில் உங்கள் பங்கு என்ன?’ என்று கேட்டால் தடுமாறாமல் சொல்லலாம். தமிழகத்தில் பொது வாய்மொழித் தேர்வுக்கு யாரும் வரலாம் என்றுதான் விதி. அறிவிப்புப் பலகையில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், ஜூனியர்கள் டீயும் சமோசாவும் ஏற்பாடு செய்வார்கள், ஊரிலிருந்து வந்த அப்பா அம்மா கடைசி வரிசையில் நல்ல உடை உடுத்தி உட்கார்ந்திருப்பார்கள். ஆங்கிலத்தில் ஸ்லைடுகள் ஓடி முடியும், எல்லோரும் கைதட்டுவார்கள். அந்தக் கடைசி வரிசைக்காக ஐந்து நிமிடப் பேட்டி ஒன்றைத் தமிழில், லேபில் புழங்கும் அதே கலப்புத் தமிழில், முதல் நாளே எடுத்து அனுப்பிவிட முடியும்.

எடுப்பவர்கள் செய்ய மறக்கும் சின்ன வேலை ஒன்று பாக்கி: பேட்டி எடுத்த மாதமும் ஆண்டும், ஆய்வு அப்போது எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதும் காணொளியிலேயே எழுத்தாக இருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு மாணவர் நம்பிக்கையோடு சொன்னது நான்காம் ஆண்டில் தப்பென்று அவருக்கே தெரியவரலாம். தேதி இருந்தால் பார்ப்பவர் அதற்கேற்ப எடுத்துக்கொள்வார். தேதி இல்லாவிட்டால், எங்கோ ஒரு நேர்காணலில் தேர்வுக்குழு உறுப்பினர் யாராவது அதைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்.